ஈயம் சிதைத்த நிலத்தில் எழுந்த பூங்காக்கள்

பேராக்கையும் சிலாங்கூரையும் பிரிக்கும் பெர்ணம் ஆற்றின் கரையில் இருக்கிறது தஞ்சோங் மாலிம். ஊரைச் சுற்றி முன்பு பால்மரத் தோட்டங்கள், பின்னர் செம்பனைத் தோட்டங்கள். மக்கள் உலாவுவதற்கென்றே அமைந்த பழைய பசுமை வெளிகளைக் காண, ஊரின் வழியே ஓடும் இருப்புப்பாதையைப் பிடித்துத் தெற்கே கோலகுபு பாருவுக்கோ, வடக்கே பத்து காஜா, ஈப்போ, தைப்பிங் பக்கமோ போக வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை இயற்கை தந்த வெளிகள் அல்ல. ஈயம் தோண்டிக் கெட்டுப்போன நிலத்தை மனிதர்கள் திரும்பப் பண்படுத்தியதால் கிடைத்தவை.

ஈயத்தாது கனமானது. மண்ணை நீரில் கரைத்து அலசினால் தாது அடியில் தங்கும், மணல் அடித்துச் செல்லப்படும். பழைய ஈயலம்பங்களில், அதாவது ஈயச் சுரங்கங்களில், எல்லாம் நடந்தது இதுதான். வேலை முடிந்ததும் மிஞ்சியவை குழிகளும், அவற்றில் தேங்கிய நீரும், புல்கூட எளிதில் முளைக்காத வெள்ளை மணலும்.

அந்தக் குழிகளை முதலில் பூங்காவாக்கிய ஊர் தைப்பிங். அவ்வூர் அமைந்த லாருட் பகுதியின் ஈயத்துக்காகக் கீ ஹின், ஹாய் சான் என்னும் இரு சீனக் குழுக்கள் ஆண்டுக்கணக்கில் போரிட்டன. 1874 ஜனவரியில் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தான பிறகே அங்கு அமைதி திரும்பியது. கைவிடப்பட்ட லம்பம் ஒன்று 1880இல் பொதுப் பூங்காவாக ஒதுக்கப்பட்டது. பேராக் சீக்கியர் படையின் தளபதி கர்னல் வாக்கரின் எண்ணம் அது என்பார்கள். ஈயக்குட்டைகளே ஏரிகளாயின. சுமார் 64 ஹெக்டர் பரப்புள்ள இந்த ஏரிப் பூங்காவே மலாயாவின் முதல் பொதுப் பூங்காவாகக் கருதப்படுகிறது. ஏரியோரச் சாலையில் நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களைப் பார்ப்பதற்கென்றே அங்கு போகலாம். அடிமரம் சாலையின் ஒரு பக்கம் நிற்க, கிளைகள் சாலையைத் தாண்டி, மறுபக்கம் தாழ்ந்து நீரைத் தொடுகின்றன. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த இம்மரம், தீபகற்பத்திலேயே மிக அதிகமாக மழை பெய்யும் ஊர்களில் ஒன்றான தைப்பிங்கில் நன்றாக வேரூன்றிவிட்டது.

கோலகுபுவின் கதை இதைவிடத் துயரமானது. சிலாங்கூர் ஆற்றங்கரையில் இருந்த பழைய ஊருக்கு மேலே, லம்ப வேலைக்கு நீர் தேக்கிய அணை ஒன்று இருந்தது. 1883 அக்டோபரில் அது உடைந்தது. வெள்ளம் வீடுகளையும் மனிதர்களையும் அடித்துச் சென்றது. இறந்தவர்களில் செசில் ரேங்கிங் என்ற ஆங்கிலேய அதிகாரியும் ஒருவர். அணையைக் காத்துவந்த வெள்ளை முதலையை அவர் சுட்டதால்தான் அணை உடைந்தது என்ற கதை அவ்வட்டாரத்தில் இன்றும் வழங்குகிறது. பழைய ஊர் இருந்த இடத்துக்கு இப்போது அம்பாங் பெச்சா, அதாவது உடைந்த அணை, என்று பெயர்.

அணை போன பின்னும் ஆபத்து போகவில்லை. மலைச்சரிவு லம்பங்களிலிருந்து இறங்கிய மணல் ஆற்றின் அடியில் படிந்து படிந்து படுகையை உயர்த்தியது. ஒவ்வொரு வெள்ளமும் தெருக்களில் சேற்றைக் கொட்டிவிட்டுப் போனது. 1926இன் இறுதியில் தீபகற்பத்தின் பல பகுதிகளை மூழ்கடித்த பெருவெள்ளமும் வந்தது. ஊரைக் காப்பாற்ற முடியாது, இடம் மாற்றுவதுதான் வழி என்று அரசு முடிவெடுத்தது.

புதிய ஊரின் வரைபடத்துக்குப் பின்னால் இருந்தவர் சார்லஸ் ரீட். நியூசிலாந்தில் பிறந்தவர், தென் ஆஸ்திரேலியாவில் அரசு நகரத் திட்டமிடுநராக இருந்தவர். 1921இல் கூட்டு மலாய் மாநிலங்களின் முதல் நகரத் திட்டமிடுநராக வந்தார். இங்கிலாந்தில் எபனேசர் ஹாவர்ட் முன்வைத்த தோட்ட நகரக் கொள்கையில் அவருக்கு ஆழ்ந்த பற்று இருந்தது. 1903இல் லெட்ச்வொர்த்தில் செயலுக்கு வந்த அந்தக் கொள்கை, ஈயச் சேற்றிலிருந்து தப்பிய ஒரு சிற்றூருக்கும் வந்து சேர்ந்தது. கடைத்தெரு ஒரு பக்கம், குடியிருப்பும் அரசு அலுவலகங்களும் மேட்டில், இடையில் கட்டடம் எழக்கூடாத பசும்பரப்பு. 1930களின் தொடக்கத்தில் மக்கள் குடிபெயர்ந்த கோலகுபு பாரு, நாட்டின் முதல் தோட்ட நகரம் எனப்படுகிறது. திடலும் நிழல்மரங்களும் மேடு பள்ளத்துக்கேற்ப வளையும் சாலைகளும் இன்றும் அந்தத் திட்டத்தைக் காட்டுகின்றன. திட்டம் வரைந்தவரின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. அக்காலத்தில் பொதுப்பணித் துறையிலும் நகர வாரியங்களிலும் சாலை போட்டு, வாய்க்கால் வெட்டி, புல் செதுக்கிய வேலையாட்களில் பெருந்தொகையினர் தென்னிந்தியத் தொழிலாளர்கள். பூங்காக்களின் வரலாற்றில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது பெருங்குறை.

ஈப்போவில் ஒரு தமிழர் பெயரே பூங்காவுக்கு வாய்த்தது. முடிசூட்டு விழாப் பூங்கா என்றிருந்த இடம், வழக்கறிஞரும் மக்கள் முற்போக்குக் கட்சித் தலைவருமான டி.ஆர். சீனிவாசகத்தின் பெயரைப் பெற்றது. 1969இல் மறையும் வரை ஈப்போவின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர் அவர். தெருவுக்குப் பெயர் வைப்பதைவிட, குழந்தைகள் விளையாடும் இடத்துக்கு வைத்தது பொருத்தமே.

ஈப்போவும் பத்து காஜாவும் அமைந்த கிந்தா பள்ளத்தாக்கின் பெரிய ஈயக்குட்டைகள் பூங்காவாக அதிக காலம் காத்திருந்தன. 1985இல் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை சரிந்ததும் லம்பங்கள் வரிசையாக மூடப்பட்டன. தஞ்சோங் துவாலாங்கில் 1938இல் கட்டப்பட்ட, நீரில் மிதந்தபடி தாது தோண்டிய ஈயக்கப்பல் ஒன்று மட்டும் இப்போது காட்சிப்பொருளாக நிற்கிறது. பத்து காஜாவுக்கு அருகே கைவிடப்பட்ட குட்டைகளைச் சுற்றிப் புதர் மண்ட, கொக்குகளும் நாரைகளும் தாமாகவே வந்து கூடு கட்டின. கிந்தா இயற்கைப் பூங்கா அப்படி உருவானது. ஆயினும் எல்லாக் குட்டைகளுக்கும் இந்த வாய்ப்பு அமையவில்லை. சில மீன்குளங்களாயின, சில தூர்க்கப்பட்டு வீட்டுமனைகளாயின, வேலியில்லாமல் ஆழமாகக் கிடப்பவையும் உண்டு.