நாரிக்கு எந்த டொக்டர்?

மட்டக்குளியில் இருக்கும் மாமிக்கு மூன்று மாதமாக நாரி நோ. முழங்கால்கள் அதற்கு முன்பே மக்கர் பண்ணத் தொடங்கிவிட்டன. ரொறன்ரோவிலிருந்து மகள் வட்ஸ்அப்பில் எடுத்துச் சொன்னாள்: "அம்மா, ஒப்பரேசன் எண்டு நீங்களே நினைச்சுப் பயந்துகொண்டு இருக்காதேங்கோ. நல்ல பிசியாட்ரிஸ்ட் ஒராளைப் பாருங்கோ."

மாமிக்குச் சொல்லின் வால் மட்டும்தான் கேட்டது. "எனக்கு நோ நாரியில, மண்டையில இல்லை. என்னை ஏன் விசர் டொக்டரிட்ட அனுப்பப் பாக்கிறாய்?" என்று போனை வைத்துவிட்டார்.

மாமியில் பிழை சொல்ல முடியாது. இந்தக் குழப்பம் சொல்லோடு கூடப் பிறந்தது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இருந்த பிராங்க் குரூசன் என்ற வைத்தியர்தான் 1938இல் பிசியாட்ரிஸ்ட் என்ற பெயரை முன்வைத்தார். இளவயதில் காசநோயால் சனிடோரியத்தில் கிடந்து, படுக்கையில் கிடக்கும் உடம்பு எப்படித் தளர்ந்துபோகிறது என்பதைத் தன்னிலேயே கண்டவர். கத்தி இல்லாமலும் மருந்தை மட்டும் நம்பாமலும், வெப்பம், நீர், மின்சாரம், பயிற்சி ஆகியவற்றைக் கொண்டு உடம்பை மறுபடி இயங்க வைக்கும் வைத்தியருக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. கிரேக்கத்தில் பிசிஸ் என்றால் இயற்கை, இயாத்ரோஸ் என்றால் வைத்தியர். இரண்டையும் ஒட்டினார். சைக்கியாட்ரிஸ்ட் என்பதிலும் அதே இயாத்ரோஸ்தான் வாலாக நிற்கிறது. அங்கே தலை சைக்கீ, அதாவது மனம். குரூசனுக்கு இது தெரியாமல் இல்லை. அழுத்தத்தை மூன்றாம் அசையில் போட்டு, பிசி-ஆட்-ரிஸ்ட் என்று சொன்னால் மற்றதோடு கலக்காது என்றார். 1946இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குழு அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டது. அசை அழுத்தத்தைத்தான் ஊர் ஏற்கவில்லை. அமெரிக்காவிலேயே இன்றும் இந்த வைத்தியர்கள் தங்கள் தொழிலைச் சொல்லிவிட்டு, "மனநல வைத்தியர் அல்ல" என்று ஒரு வரி சேர்க்க வேண்டியிருக்கிறது.

சரி, மாமி சமாதானமானார் என்றே வைத்துக்கொள்வோம். கொழும்பில் பிசியாட்ரிஸ்ட் என்று பலகை தேடினால் அலைய வேண்டியதுதான். இங்கே அவருக்கு வேறு பெயர்: ரூமட்டோலஜி அன்ட் ரிஹபிலிட்டேஷன் நிபுணர். இது பிரித்தானியக் கை. அங்கே இத்துறையின் சஞ்சிகை ஒன்று சட்டை மாற்றிய கதையைப் பார்த்தாலே வரலாறு விளங்கும். 1952இல் தொடங்கியபோது அதன் பெயரில் இருந்தது 'பிசிக்கல் மெடிசின்' மட்டும். 1970இல் அதற்கு முன்னால் ரூமட்டோலஜி வந்து குந்தியது. 1973இல் பிசிக்கல் மெடிசின் இறங்க, அந்த இடத்தில் ரிஹபிலிட்டேஷன் ஏறியது. 1983இல் அதுவும் கழன்றது. பிரித்தானியா பத்தே வருடம் மேலட்டையில் வைத்திருந்த அந்த இணைப்பெயரை இலங்கை இன்றுவரை விடவில்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் பட்டத்திலும் அதே பெயர், ராகமையில் இருக்கும் வைத்தியசாலையின் பலகையிலும் அதே பெயர்.

அதைத் தமிழில் சொல்லும்போதுதான் விசயம் சுவைக்கிறது. முதற்பாதி வாதநோய். ரூமா என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஒழுகுவது என்று பொருள். மூளையிலிருந்து கெட்ட நீர் ஒழுகி மூட்டுகளில் தேங்கி நோவைத் தருகிறது என்பது கிரேக்கரின் பழைய எண்ணம். மூட்டு நோவுக்கு ரூமட்டிசம் என்று பெயர் நிலைத்தது பிரெஞ்சு வைத்தியர் கியோம் த பையுவால். அந்தப் பெயரைத் தந்த அவரது நூல், அவர் இறந்தபின் 1642இல் அச்சானது. அதே நோவை நம்மவர் காற்றின் தலையில் கட்டினார்கள். வாதம் வடமொழியில் காற்று, தமிழில் வளி. மருந்து அதிகாரத்தைத் தொடங்கும் வள்ளுவரும் நோய்க்குக் காரணமான மூன்றையும் எண்ணும்போது வளியைத்தான் முன்னே வைக்கிறார். அங்கே நீர், இங்கே காற்று. நோகிற முழங்கால் ஒன்றேதான்.

ஆனால் வாதம் ரூமாவைவிட நீளக் கை உடையது. கீல்வாதம், முடக்குவாதம் என்று மூட்டுகளைப் பிடித்ததோடு நிற்கவில்லை. ஒரு பக்கம் விழுந்தால் பாரிசவாதம். குழந்தையின் கால் சூம்பினால் இளம்பிள்ளை வாதம். சித்த நூல்கள் சில வாதத்தை 80 என்று கணக்கிடும். மேற்கத்திய மருத்துவத்தில் இவை வெவ்வேறு கட்டடங்கள்: ஸ்ட்ரோக் மூளைக்காரருடையது, போலியோ கிருமிக்காரருடையது, முழங்கால் எலும்புக்காரருடையது. இந்த மூன்று வாசல்களிலிருந்தும் இயங்க முடியாமல் வெளியே வருபவரை ஒரே ஆள் பார்க்க வேண்டும் என்றுதானே குரூசன் புதுச்சொல் செய்தார்! அவர் வெட்டிய எல்லை கிட்டத்தட்ட நம் வாதத்தின் எல்லைதான். மாமியின் பாட்டி காலத்து வாத வைத்தியர் இதைக் கேட்டால், இதற்கு ஏன் கிரேக்கம் என்று கேட்டிருப்பார். காரணம் பிழை, காற்று ஒன்றும் செய்வதில்லை. ஆனால் நோய்களை ஒரு கூரைக்குக் கீழ் சேர்த்த கண் பிழையில்லை என்பது என் கட்சி.

பெயரின் மறுபாதி புனர்வாழ்வு. இங்கேதான் மாமி இரண்டாம் முறை திடுக்கிட்டார். கிளினிக்குக்குத் துண்டு எழுதிக் கொடுத்த பொடியன் தமிழில் வாசித்துக் காட்டியபோது, "புனர்வாழ்வுக்கோ?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாராம். இலங்கைத் தமிழ்க் காதுக்கு அந்தச் சொல் வைத்தியசாலையிலிருந்து வருவதில்லை. 2009இல் போர் முடிந்தபின் சரணடைந்தவர்களும் பிடிபட்டவர்களுமாக 12,000 பேரளவில் அனுப்பப்பட்ட இடத்தின் பெயர் அது. அதற்குப் பிறகு போதைக்கு அடிமையானவர்களுக்கும் அதே சொல்; கந்தக்காடு நிலையம் என்றால் கொழும்பில் எந்தத் தாய்க்கும் விளங்கும். 2023இல் புனர்வாழ்வுப் பணியகத்துக்கென்று தனிச் சட்டமே வந்துவிட்டது. அப்படியான சொல் நாரி நோவுக்கு வந்தால் யார்தான் குரலைத் தாழ்த்தமாட்டார்?

வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலச் சொல்லின் மூலப்பொருளுக்குக் கிட்ட நிற்பது வைத்தியசாலையல்ல, முகாம்தான். ரிஹபிலிட்டேஷன் முதலில் சட்டச்சொல். பதவியோ மானமோ பறிக்கப்பட்ட ஒருவருக்கு அரசன் அவற்றைத் திருப்பிக் கொடுப்பதே அது. கையும் காலும் இழந்து திரும்பிய சிப்பாய்களைப் பார்த்த முதல் உலகப்போர்க் காலத்தில்தான் வைத்தியம் அதைப் பெருமளவில் கடன் வாங்கியது. அமெரிக்காவில் ஹவார்ட் ரஸ்க் என்ற வைத்தியர் இந்தத் துறையைப் பெரிதாக்கியதும் இரண்டாம் போரின் காயக்காரரைக் கொண்டுதான். அவரது நியூயோர்க் நிலையத்தில் பயின்ற மேரி வர்கீஸ், 1954இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தவர். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தவர். பிறகு வேலூரில் இத்துறையைக் கட்டியெழுப்பினார். தமிழகத்தில் அதை மறுவாழ்வு என்பார்கள். அங்கும் சொல் தப்பவில்லை: நம் அகதிகள் இருக்கும் முகாம்களுக்கு 2021இலிருந்து மறுவாழ்வு முகாம் என்றே பெயர்.

நாரி என்ற சொல்லையும் தமிழகத்துக்காரரிடம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அவர்களுக்கு அது இடுப்பு அல்ல, பெண். நாரி நோகிறது என்றால் வேறு கதை ஆகிவிடும்.

மாமி கடைசியில் போனார். ஓட்டோக்காரர் சிங்களவர், முகத்துவாரப் பக்கம். மாமி கையை நாரியில் ஊன்றி ஏறுவதைக் கண்டு "கொந்தே அமாருவத?" என்று கேட்டார். நாள் முழுக்கக் குந்தியிருந்து ஓட்டி அவருக்கும் அதே கரைச்சல். முழங்காலும்தான் என்று மாமி ஹந்தியைத் தொட்டுக் காட்டினார். சிங்களத்தில் மூட்டும் ஹந்தி, தெருச் சந்தியும் ஹந்திய; இரண்டும் நம் சந்தியின் கூடப்பிறந்தவை. ஒரு சந்தியைக் கடந்து போகும்போது, அந்த டொக்டரை எங்கே சனல் பண்ணலாம், அவருக்கு என்ன பெயர் சொல்லிக் கேட்க வேண்டும் என்று ஓட்டோக்காரர் விசாரித்தார்.

மாமி கைப்பையைத் திறந்து துண்டை எடுத்து அவரிடம் நீட்டினார்.