கண்ணால் படிப்பவளா, காதால் படிப்பவளா?

மும்பையில் பேத்தி படிக்கும் பள்ளியில், "இவள் பார்த்துக் கற்கும் வகை, ஒப்பிக்க வைக்காதீர்கள்" என்றார்களாம். மகனும் "விட்டுடுங்கப்பா" என்றான். அவள் என்னிடம் தமிழ் கற்றது வாய்மொழியாகத்தான். அதுவும் நின்றது. எனக்கு மனசு கேட்கவில்லை. பழைய செய்திகளைப் புரட்டினேன்.

ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல் பாதிரியார் 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர் பிள்ளைகளின் அனாதை விடுதிக்குக் கண்காணிப்பாளரானார். நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் விரலால் மணலில் எழுதுவதைக் கண்டு தம் பள்ளிக்கும் கொண்டுபோனார். 1797-இல் லண்டனில் நூலாகவும் வெளியிட்டார். திண்ணையில் விரல் எழுதும், வாய் உரக்கச் சொல்லும், கண்ணும் காதும் கூடவே வரும். யார் எந்த வகை என்று வாத்தியார் பிரிக்கவில்லை. முந்திரி (1/320) வரை எண்சுவடி மனத்தில் ஏறியது இப்படித்தான். (கோதண்டம் போட்டதையும், பல சாதிப் பிள்ளைகளுக்குத் திண்ணையே எட்டாததையும் நான் மறைக்கவில்லை.)

சிந்தனைப் பாங்கு ஆளுக்கு ஆள் மாறும் என்பது பொய்யில்லை. சாய்ந்த சட்டத்துக்குள் கோலை நிமிர்த்தச் சொல்லி, அமெரிக்காவில் ஹெர்மன் விட்கின் 1940-களிலேயே அதைக் காட்டினார். ஆனால் வகைக்கேற்பப் பாடம் நடத்தினால் கூடுதலாக ஏறும் என்பதற்குப் போதிய சான்றில்லை என்று 2008-இல் பாஷ்லர் முதலிய நால்வர் எழுதினர். 2006-இல் ரோடிகரும் கார்ப்பிக்கும் செய்த சோதனையில், மறுபடி மறுபடி படித்தவர்களைவிட, பார்க்காமல் நினைவுகூர்ந்தவர்களுக்கே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் நின்றது. சுவடியைப் பார்க்காமல் ஒப்பித்ததும் அதுதானே!

மகனிடம் சொன்னேன். "சரி, ஞாயித்துக்கிழமை மட்டும்" என்றான். பேத்தி தட்டில் ரவையைப் பரப்பி, 'ழ' எழுதிக்கொண்டே சொல்கிறாள். நாக்கு இன்னும் மடங்கவில்லை.