ஏமாற்றுப் படங்களுக்கு எதிரான காப்புமுறைகள்

படத்தில் இருப்பது நாயா பேருந்தா என்று இனங்கண்டு சொல்லும் நியூரல் நெட்வொர்க்கைத் தவறான விடைக்குத் திருப்ப, கண்ணுக்குத் தெரியாத அளவில் பிக்சல்களைத் திருத்தி உருவாக்குவது ஏமாற்றுப் படம். அதற்கும் சரியான விடையே கிடைக்கும்படி நெட்வொர்க்கை அமைக்கும் வழிகள் காப்புமுறைகள் எனப்படும்.

இத்துறையின் வரலாற்றை 2013 டிசம்பரில் தொடங்குவது வழக்கம், அது முறையன்று. சொற்களை மாற்றி வடிகட்டியிலிருந்து தப்பும் ஸ்பேம் மின்னஞ்சல்களை, அனுப்புநருக்கும் வடிகட்டிக்கும் இடையிலான ஆட்டமாகக் கொண்டு நிலேஷ் தால்வி, பெட்ரோ டொமிங்கோஸ் முதலியோர் 2004இலேயே ஆராய்ந்தனர். தாக்குபவர் தம் உத்தியை மாற்றிக்கொள்வார் என்று எதிர்பார்த்தே வகைப்படுத்தியை வடிவமைக்க வேண்டும் என்பது அவ்வாய்வின் சாரம். பின்னாளில் அதை மறந்து செய்த காப்புமுறைகளே உடைந்தன. இத்தாலியரான பத்திஸ்தா பிஜ்ஜோவின் குழு 2013இல், கிரேடியன்டைப் (பிக்சல்களை மாற்றினால் விடை எந்தத் திசையில், எவ்வளவு மாறும் என்ற அளவை) பின்பற்றிக் கையெழுத்து எண்களைத் திருத்தி வகைப்படுத்தியைத் தடுமாறச் செய்தது. அவ்வாண்டின் இறுதியில் கூகுளின் கிறிஸ்டியன் செகெடியும் உடன் ஆய்வாளர்களும் ஆழ்கற்றல் நெட்வொர்க்குகளிலும் இக்குறையைக் காட்டினர். ஒரு நெட்வொர்க்குக்காகச் செய்த ஏமாற்றுப் படம் வேறொன்றையும் ஏமாற்றியது அவர்கள் கண்டவற்றுள் முதன்மையானது. நெட்வொர்க்கை மறைத்து வைப்பது மட்டும் காப்பாகாது என்று அதனால் தெளிவாயிற்று.

2014இல் இயன் குட்ஃபெலோவும் வேறு இருவரும் வெளியிட்ட எடுத்துக்காட்டில், 57.7% உறுதியுடன் பாண்டா எனக் கணிக்கப்பட்ட படம் சிறு திருத்தத்துக்குப் பின் 99.3% உறுதியுடன் கிப்பன் குரங்கானது. பிக்சல்தோறும் செய்யும் அற்ப மாற்றங்கள் ஒரே திசையில் கூடிப் பெரிதாகின்றன என்று அவர்கள் விளக்கினர்.

தொடக்கக் காப்புமுறைகள் பல, கிரேடியன்டை மறைத்ததாலேயே பலமாகத் தோன்றின. நிக்கோலா பாப்பர்னோ குழு 2015இல் முன்வைத்த, ஒரு நெட்வொர்க்கின் நிகழ்தகவு விடைகளைக் கொண்டு மற்றொன்றைப் பயிற்றும் வடித்தல் முறையை நிக்கோலஸ் கார்லினியும் டேவிட் வாக்னரும் மறு ஆண்டே முறியடித்தனர். 2018இல் அனிஷ் அதால்யேயுடன் சேர்ந்து இவர்கள், ஒரே மாநாட்டில் ஏற்கப்பட்ட 9 காப்புமுறைகளைச் சோதித்தனர். கிரேடியன்ட் மறைப்பைச் சார்ந்திருந்த ஏழில் ஆறு முழுமையாகவும் ஒன்று பகுதியாகவும் வீழ்ந்தன.

நிலைத்தது எம்.ஐ.டி.யில் அலெக்சாண்டர் மாத்ரி குழு 2017இல் செம்மைப்படுத்திய எதிர்ப்பயிற்சியே. பயிற்சியின் ஒவ்வொரு படியிலும் மிக மோசமான ஏமாற்றுப் படத்தைத் தேடியெடுத்து, அதற்கே சரியான விடையைக் கற்பிப்பது இதன் வழி. விலை பெரிது: சிஃபார்-10 தொகுப்பின் இயல்பான படங்களில் துல்லியம் சுமார் 87%தான், பிக்சல் மதிப்பை 255க்கு 8 வரை மாற்றும் தாக்குதலில் அது சுமார் 46% ஆனது. எதிர்ப்பயிற்சி தராத கணிதச் சான்றை, ஜெரமி கோஹன் முதலியோர் 2019இல் வளர்த்தெடுத்த மென்மையாக்க முறை தருகிறது. இதில் படத்தின் மீது கௌசியன் இரைச்சலைப் பலமுறை சேர்த்துப் பெரும்பான்மை விடையை ஏற்கின்றனர்.

2020 முதல் ஆட்டோஅட்டாக் சோதனையால் அளந்து, ரோபஸ்ட்பெஞ்ச் பட்டியலில் காப்புமுறைகளை வரிசைப்படுத்துகின்றனர்.