சுண்ணாம்பில் வெந்த சோளம்: மாசாவின் கதை

மாசா என்றதும் பெட்டிக்கடையில் தொங்கும் மாம்பழ ஜூஸ் ஞாபகம் வந்தால் அதை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடுங்கள். இது வேற மாசா. ஸ்பானிஷ் மொழியில் 'மாசா' என்றால் பிசைந்த மாவு. மெக்சிகோக்காரர் அந்தச் சொல்லைத் தனியாகச் சொன்னால், சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மக்காச்சோள மாவு என்று அர்த்தம். அவர்கள் தினமும் சாப்பிடும் டோர்ட்டியா, இலையில் மடித்து அவிக்கும் தமால் எல்லாம் இதிலிருந்துதான்.

இந்த மாவை மட்டுமே நம்பி மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் இப்போது சின்னச் சின்ன வியாபாரங்கள் நடக்கின்றன. எந்த ஊர் விவசாயியிடமிருந்து எந்த நிறச் சோளம் வந்திருக்கிறது என்று வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்புகிறார்கள். கூடவே பனியன், துணிப்பை விற்கிறார்கள். சோளத்தில் செய்த இனிப்பும் உண்டு. மாவுக்கடைக்கு எதுக்கப்பா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்கத் தோன்றும். அதற்குப் பதில் வரலாற்றில் இருக்கிறது.

மக்காச்சோளம் பிறந்த இடம் மெக்சிகோவின் தென்மேற்கில் உள்ள பால்சாஸ் நதிப் பள்ளத்தாக்கு. தியோசிந்தே என்ற காட்டுப்புல்லை அங்கே மனிதர்கள் சுமார் 9000 ஆண்டுகளுக்கு முன் வளர்த்துப் பயிராக மாற்றினார்கள். சோளத்தைச் சுண்ணாம்பு போட்டு வேகவைக்கும் வழக்கம் அதற்கு வெகுகாலம் கழித்து வந்தது. அதற்கான பழைய தடயங்கள் குவாத்தமாலாவின் தென்கரையில் கிடைத்திருக்கின்றன. அவற்றின் காலம் கி.மு. 1500 முதல் 1200 வரை என்கிறார்கள். நவாத்ல் மொழியில் சாம்பலைக் குறிக்கும் சொல்லும் சோளமாவைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்து 'நிஷ்தமால்' ஆயிற்று. ஆக, சாம்பலையும் இதற்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

செய்முறை எளிது. சோளத்தின் எடையில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி, சோளத்தைக் கொஞ்சநேரம் வேகவைத்து, இரவு முழுக்க அப்படியே ஊறவிட வேண்டும். காலையில் தோல் கழன்று வரும். கழுவி அரைத்தால் மாசா. சுண்ணாம்பு படாத சோளமாவில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் உதிரும், வட்டமாகத் தட்ட வராது. இதுவோ கையில் ஒட்டாமல் தட்ட வரும்.

இதில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வேலையும் நடக்கிறது. மக்காச்சோளத்தில் நியாசின் என்ற வைட்டமின் இருக்கிறது. ஆனால் அது வேறு பொருட்களோடு பிணைந்து கிடப்பதால் நம் குடலால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. காரமான சுண்ணாம்பு நீர் அந்தப் பிணைப்பை அவிழ்த்துவிடுகிறது. அந்தப் பாட்டிகளுக்கு வைட்டமின் என்ற பெயர் தெரியாது. ஆனாலும் வழக்கம் விடாமல் தொடர்ந்தது.

இனிமேல்தான் சோகம். கொலம்பஸின் பயணங்களுக்குப் பிறகு சோளவிதை ஐரோப்பாவுக்குப் போனது. சுண்ணாம்புப் பக்குவம் கூடப் போகவில்லை. விதையைக் கொண்டுபோன கப்பல்காரர்களுக்கு அது அடுப்படியில் பெண்கள் பார்க்கும் ஏதோ ஒரு வேலையாகத்தான் பட்டிருக்க வேண்டும். ஸ்பெயினிலும் இத்தாலியிலும் ஏழைகள் வருஷம் முழுக்கச் சோளக்கூழையே நம்பி வாழ்ந்தார்கள். தோல் வெடித்தது, வயிறு போனது, கடைசியில் புத்தி பேதலித்தது. 1735இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் காஸ்பார் கசால் என்ற மருத்துவர் இந்த நோயைக் கவனித்து எழுதினார். 1771இல் இத்தாலிய மருத்துவர் ஃப்ராபொல்லி இதைப் பெல்லாக்ரா என்று குறிப்பிட்டார். சொரசொரப்பான தோல் என்று பொருள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இதே நோய் பரவியது. 1906க்கும் 1940க்கும் இடையில் சுமார் 30 லட்சம் பேருக்கு வந்து, ஒரு லட்சம் பேர் வரை இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். தொற்றுநோய் என்றே பல மருத்துவர்கள் நம்பினார்கள். ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற அரசு மருத்துவர் அப்படி இல்லை, சாப்பாட்டில்தான் குறை என்றார். 1915இல் மிசிசிப்பி சிறைப்பண்ணையில், விடுதலை தருவதாகச் சொல்லிச் சேர்த்த கைதிகளுக்குச் சோளம் மிகுந்த உணவையே கொடுத்து, அந்த நோயை வரவழைத்துக் காட்டினார். இன்றைக்கு எந்த நாட்டிலும் அனுமதிக்க முடியாத சோதனை அது! 1937இல் எல்வேஜெம் என்ற விஞ்ஞானி, குறைவது நியாசின்தான் என்று கண்டுபிடித்தார். மெக்சிகோவின் அடுப்படிகளில் மூவாயிரம் வருஷமாக மருந்து கொதித்துக்கொண்டிருந்தது.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. தக்காணத்தில் சோளம் (மக்காச்சோளம் இல்லை, நம் நாட்டுச்சோளம்) சாப்பிடும் ஏழைகளிடம் பெல்லாக்ரா இருப்பதை ஹைதராபாத்தில் ஆராய்ந்து, 1960இல் அதற்கு லூசின் என்ற அமினோ அமிலத்தோடு தொடர்பு இருக்கலாம் என்று எழுதியவர்களில் ஒருவர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன்.

சரி, பழைய முறையே உயர்ந்தது என்று முடித்துவிடலாமா? அங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். மாசாவை அரைத்தது மெட்டாட்டே என்ற கல்லில். நம் அம்மி மாதிரிதான், ஆனால் சாய்வானது, கால் வைத்தது. அதன் முன் மண்டியிட்டு ஒரு பெண் தினமும் நான்கைந்து மணிநேரம் அரைக்க வேண்டும். அரைத்த மாசா சீக்கிரம் புளித்துவிடும், மறுநாள் மறுபடி முதலிலிருந்து. இருபதாம் நூற்றாண்டில் கிராமங்களுக்கு அரவை மில் வந்தபோது பல ஆண்கள் எதிர்த்தார்கள். கல்லில் அரைத்த ருசி வராது, பெண்கள் வேலையில்லாமல் ஊர்வம்பு பேசுவார்கள் என்று காரணம் சொன்னார்கள். பெண்களோ மில்லுக்கு வரிசையில் நின்றார்கள். 1934 முதல் 1940 வரை அதிபராக இருந்த லாசரோ கார்தெனாஸின் அரசு, பெண்கள் சங்கங்களே மில் நடத்த உதவியது.

1949இல் நுவேவோ லியோன் மாநிலத்தின் செர்ரால்வோ என்ற ஊரில், ஒரு தந்தையும் மகனும் மாசாவை உலர்த்திப் பொடியாக்கும் ஆலை தொடங்கினார்கள். அதுதான் மசேகா. பொடி மாதக்கணக்கில் கெடாது, தண்ணீர் விட்டால் போதும். அந்த நிறுவனம் பின்னால் குரூமா என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவியது. உழைப்பு குறைந்தது, உண்மை. ஆனால் மாவு சில பெரிய கைகளுக்குள் போனது. 1994இல் வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தம் அமலுக்கு வந்து, மலிவான அமெரிக்கச் சோளத்தோடு சிறு விவசாயி போட்டிபோட வேண்டியதாயிற்று. 1999இல் டோர்ட்டியாவுக்கான பொது மானியம் நின்றது. 2007 ஜனவரியில் டோர்ட்டியா விலை எகிற, கிலோ 8.50 பெசோவுக்கு மேல் விற்பதில்லை என்று அரசும் நிறுவனங்களும் ஒப்பந்தம் போட்டன. அப்படியும் ஜனவரி 31 அன்று பல்லாயிரம் பேர் மெக்சிகோ நகரத் தெருக்களில் இறங்கினார்கள்.

இந்தப் பின்னணியில்தான் சின்ன மாசாக் கடைகளைப் பார்க்க வேண்டும். 2014இல் தொடங்கிய மசியெண்டா போன்றவை மெக்சிகோவின் சிறு விவசாயிகளிடம் பாரம்பரியச் சோளம் வாங்கி விற்கின்றன. மேஜைமேல் வைக்கும் சின்ன அரவை இயந்திரமும் விற்கிறார்கள். அதாவது, யாரையும் மறுபடி மண்டியிடச் சொல்லவில்லை. விலை அதிகம்தான், ஏழை வீட்டுக்கு எட்டாது என்ற குறை நியாயமானது. ஆனாலும் விதைத்தவருக்குப் போகும் காசும், அந்தச் சோளம் அழியாமல் இருப்பதும் சின்ன விஷயமில்லை. அவர்கள் அனுப்பும் ஊர்ச் செய்தி வெறும் விளம்பரம் மட்டும் இல்லை. ஐரோப்பாவுக்கு விதை போனபோது விட்டுப்போனது இந்தச் செய்திதானே!

கடைசியாக இனிப்பு. வஹாகாவில் நிக்குவாதோலே என்று ஒன்று உண்டு. அரைத்த சோளத்தை வடிகட்டி, சர்க்கரையும் பட்டையும் சேர்த்துக் கெட்டியாகக் கிண்டி, ஆறவிட்டுச் சதுரமாக வெட்டுவார்கள். மேலே சிவப்பு நிறம் பூசுவதுண்டு, அது கொச்சினில் பூச்சியிலிருந்து எடுப்பது. சைவ நண்பர்கள் வெள்ளைத் துண்டைக் கேட்டு வாங்கவும் :-)

உங்கள் வீட்டில், ஏன் சேர்க்கிறோம் என்று தெரியாமலே பாட்டி சேர்க்கும் பொருள் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.