குழந்தையின் சிறுநீரகத்தை எதனோடு ஒப்பிட்டு அளப்பது?

ஐந்து வயதுக் குழந்தையின் ஸ்கேன் அறிக்கையில் வலச் சிறுநீரகத்தின் நீளம் 7.1 செ.மீ. என்று எழுதப்பட்டிருப்பதாகக் கொள்வோம். அந்த எண் தனித்து நின்று எதையும் உணர்த்துவதில்லை. இயல்பான அளவு இன்னது என்னும் முன்முடிவு ஒன்று இருந்தால்தான் அது சிறியதா, போதுமானதா என்று சொல்ல முடியும். அந்த முன்முடிவுக்கு ஒரு வரலாறு உண்டு.

உயிருள்ள குழந்தையின் சிறுநீரகத்தை முதலில் அளக்க உதவியது எக்ஸ்-கதிர்ப் படம். சிரை வழியே செலுத்திய மருந்து சிறுநீரகத்தில் திரண்டு அதன் வடிவத்தைக் காட்டும் முறையை 1929இல் மோசஸ் ஸ்விக் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். இந்த வகைப் படங்களிலிருந்து இயல்பான குழந்தைகளின் சிறுநீரக அளவை வகுத்த ஹாட்சன் குழுவினரின் ஆய்வு 1962இல் வெளிவந்தது. எனினும் இம்முறையில் இரு குறைகள் இருந்தன. விரிந்து செல்லும் கதிர்கள் உறுப்பின் நிழலை உள்ளதைவிடப் பெரிதாக்கின. செலுத்திய மருந்தோ சிறுநீரகத்தையே சற்று வீங்கச் செய்தது. முதற்குறைக்கு அக்கால ஆய்வாளர் நுட்பமான தீர்வு ஒன்றைக் கண்டனர். அதே படத்தில் தெரியும் இடுப்பு முள்ளெலும்புகளின் நீளத்தோடு சிறுநீரகத்தை ஒப்பிட்டனர். 1976இல் எக்லாஃப், ரிங்கெர்ட்ஸ் இருவரும் வெளியிட்ட முறை இத்தகையது. அங்கே குழந்தையின் உடலே அதற்கு அளவுகோலாக அமைந்தது.

இதற்கிடையே வேறொரு தொழில்நுட்பம் வளர்ந்து வந்தது. உலோகத்தின் உள்விரிசலைக் கண்டறியும் தொழிற்சாலைக் கருவியை மருத்துவத்துக்குத் திருப்பிய இயன் டொனால்ட், மக்விகர், பிரவுன் ஆகியோருடன் இணைந்து 1958இல் லான்செட் இதழில் தம் கட்டுரையை வெளியிட்டார். கதிர்வீச்சும் ஊசியும் தேவைப்படாத இம்முறை குழந்தைகளுக்கு மிகவும் ஏற்றதாயிற்று. நிழல் பெரிதாகும் சிக்கலும் மருந்தால் வீங்கும் சிக்கலும் அகன்றன. ஆனால் எலும்பை ஊடுருவாத மீயொலியில் முதுகெலும்பு என்னும் பழைய அளவுகோலும் கைவிட்டுப் போயிற்று. எக்ஸ்-கதிர் அட்டவணைகள் பொருந்தாதுபோகவே, புதியன வேண்டியிருந்தன.

1984இல் ரோசன்பாம், கார்ன்கோல்டு, டீல் ஆகியோர் அமெரிக்கக் கதிரியல் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை அத்தேவையை நிறைவுசெய்தது. ஓராண்டுக்குட்பட்ட குழந்தைக்கு, மாதக் கணக்கிலான வயதை 0.155ஆல் பெருக்கி 4.98ஐக் கூட்டினால் நீளம் செ.மீ. அளவில் கிடைக்கும், அதற்கு மேற்பட்டோருக்கு, ஆண்டுக் கணக்கிலான வயதை 0.22ஆல் பெருக்கி 6.79ஐக் கூட்ட வேண்டும். முதலாண்டில் மட்டும் சிறுநீரகம் ஏறத்தாழ 1.9 செ.மீ. வளர்கிறது, பின்னர் அதே வளர்ச்சிக்கு எட்டு ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1985இல் ஜெர்மனியில் டிங்கெல் குழுவினர் நீளத்துக்கும் கனஅளவுக்கும் வளர்ச்சிக் கோடுகளை வரைந்தனர். 1998இல் துருக்கியில் கோனுஷ் குழுவினரின் அளவுகள் வந்தன.

எளிமையே முதற்சூத்திரத்தின் வலிமை, ஆபத்தும் அதுவே. ஆண்டுக்கு 2 மி.மீ. வளரும் உறுப்பில், அளப்பவரின் கை சற்றே சாய்ந்து 4 மி.மீ. பிழை நேர்ந்தால் ஈராண்டு வளர்ச்சி மறைந்துபோகும். அதனினும் ஆழமான சிக்கல், வயதை அளவுகோலாகக் கொண்டது. மேற்சொன்ன ஐந்து வயதுக் குழந்தைக்குச் சூத்திரம் தரும் விடை 7.9 செ.மீ. அதன்படி 7.1 என்பது குறைவு. ஆனால் அக்குழந்தை வயதுக்கேற்ற உயரம் இல்லாததாயின், அதன் உடலுக்கு அந்த அளவு பொருத்தமாகவே இருக்கக்கூடும். பின்வந்த பல ஆய்வுகள் உயரத்தை வலியுறுத்தியதன் காரணம் இதுவே.

அவ்வாறாயின் இந்தியக் குழந்தைகளுக்கெனத் தனி அட்டவணை வகுப்பதே தீர்வு என்று தோன்றலாம். அங்கே மற்றொரு வினா எழுகிறது. கருவின் 36ஆம் வாரம் அளவில் நெஃப்ரான்கள் உருவாவது நின்றுவிடுகிறது. பிறந்தபின் அவை பெரிதாகுமேயன்றி எண்ணிக்கையில் கூடுவதில்லை. குறைந்த எடையுடன் பிறக்கும் குழந்தைக்கு அவை குறைவாக அமையக்கூடும். பிற்கால இரத்த அழுத்த நோய்க்கு அதுவே வித்தாகலாம் என்பது 1988இல் பிரென்னர் குழுவினர் முன்வைத்த கருதுகோள். ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, எடை பதிவான இந்தியப் பிறப்புகளில் ஏறத்தாழ 18 விழுக்காடு குறைந்த எடையுடையவை. அக்குழந்தைகளையும் உள்ளடக்கிய சராசரியை இயல்பு என அறிவித்தால், ஊட்டக்குறைவின் தழும்பே இலக்கணமாகிவிடும்.

உடல் வளர்ச்சியில் இதே சிக்கலை உலக நலவாழ்வு நிறுவனம் எதிர்கொண்டது. 1997 முதல் 2003 வரை தெற்கு தில்லி உட்பட ஆறு நாடுகளின் இடங்களில், நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகளையே தேர்ந்து அளந்து, 2006இல் தன் வரைவுகளை வெளியிட்டது. குழந்தைகள் எவ்வாறு இருக்கிறார்கள் என்பதை விடுத்து எவ்வாறு வளர வேண்டும் என்பதை அது அளவாகக் கொண்டது. சிறுநீரக அட்டவணைகளோ பெரும்பாலும் வேறு காரணங்களுக்காக மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளிடமிருந்தே திரட்டப்பட்டவை.

ஆகவே, இயல்பு என்னும் சொல் அறிக்கையில் இடம்பெறும்போது மூன்று வினாக்கள் அதனுடன் வர வேண்டும்: யாருடைய குழந்தைகளை அளந்து பெற்ற இயல்பு? எதனோடு ஒப்பிட்ட இயல்பு? எந்தப் பிழை வரம்புக்குட்பட்ட இயல்பு? இவற்றுக்கு விடையில்லாமல் 7.1 என்னும் எண்ணை மட்டும் கண்டு, நோயற்ற குழந்தையை நோயாளியாக்கவும் கூடும். நோயுற்ற குழந்தையை வீட்டுக்கு அனுப்பவும் கூடும்.