முட்டைக்கோது போட்ட மரம்



மார்கழி, தை மாதங்களில் பலெர்மோவின் பழைய தெருக்களில் நடக்கும்போது ஒருமுறை நிமிர்ந்து பல்கனிகளைப் பாருங்கள். பூச்சாடிகளில் இலை ஒன்றுமில்லாத, விரல்போலத் தடித்த தடிகள் நிற்கும். சில வீடுகளில் ஒவ்வொரு தடியின் நுனியிலும் ஒரு முட்டைக்கோது கவிழ்த்திருக்கும். சின்ன வயதில் இதைக் கண்ணூறு கழிக்கிற ஏதோ சடங்கு என்றுதான் நினைத்தேன்.

அந்தச் செடியை இந்த ஊர்க்காரர் பொமேலியா என்பார்கள். பலெர்மோவின் பூ எது என்று கேட்டால், பலர் இதைத்தான் காட்டுவார்கள். எங்கள் வீட்டில் அம்மா சொல்லும் பெயர் தேமா. தமிழில் இதற்கு ஈழத்தலரி என்றும் ஒரு பெயர் உண்டு. சிங்களத்தில் அரலிய. கொழும்பில் பிரதமரின் அதிகாரபூர்வ இல்லத்தைச் செய்திகளில் 'அலரி மாளிகை' என்கிறார்களே, அந்த அலரியும் இந்த மரம்தான்.

பள்ளிக்கூடத்தில் ஒருமுறை இதற்காகச் சண்டையே பிடித்திருக்கிறேன். "இது எங்கள் ஊர்ப் பூ" என்றான் கூடப் படித்தவன். "இல்லை, எங்கள் ஊர்ப் பூ, பெயரிலேயே ஈழம் இருக்கிறது" என்றேன் நான். இரண்டு பேரும் சொன்னது பிழை என்று பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

இந்த மரத்தின் தாய்நிலம் மெக்சிக்கோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகள். மெக்சிக்கோவின் நாவாட்டில் மொழியில் இதன் பெயருக்குக் 'காக்கைப் பூ' என்று பொருள். 1565 முதல் 1815 வரை ஸ்பானியக் கப்பல்கள் மெக்சிக்கோவின் அக்கபுல்கோவுக்கும் பிலிப்பைன்சின் மணிலாவுக்கும் இடையே ஓடின. பிலிப்பைன்சில் இந்தப் பூவை இன்றும் கலாச்சூச்சி என்கிறார்கள். அது அந்த மெக்சிக்கோப் பெயரின் தேய்ந்த வடிவம். மரம் கடல் தாண்டியபோது பெயரும் கூடவே போயிருக்கிறது. பின்பு ஆசியா எங்கும் பரவி, லாவோஸ் நாட்டின் தேசியப் பூவாகவே ஆகிவிட்டது. தமிழில் ஈழத்தலரி என்று பெயர் வைத்தவர்களுக்கு அது ஈழத்துப் பக்கமிருந்து வந்த மரமாகத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு முந்திய கடலை அவர்கள் பார்க்கவில்லை.

இப்படிப் பெயர் மாறுவது புதிதில்லை. சிசிலி முழுக்க வேலியோரங்களில் நிற்கும் சப்பாத்திக்கள்ளியை இங்கே 'இந்திய அத்தி' என்கிறார்கள். அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான்.

ஒரு மரம் அந்தக் காலத்துக் கப்பலில் இவ்வளவு தூரம் எப்படிப் போக முடியும்? பொமேலியாவின் தண்டு சதைப்பிடிப்பானது, உள்ளே தண்ணீரைச் சேமித்து வைக்கும். வெட்டிய கிளையை மண்ணில்லாமல் வாரக்கணக்கில் போட்டு வைத்தாலும் சாகாது. சிலவேளை அப்படியே துளிர்க்கும், பூவும் பூக்கும். பயணம் போவதற்கென்றே செய்ததுபோன்ற தடி!

பலெர்மோவுக்கு இது வந்தது 19ஆம் நூற்றாண்டில், லிங்கன் தெருவிலுள்ள தாவரவியல் தோட்டத்தின் வழியாக. 1795இல் திறக்கப்பட்ட அந்தத் தோட்டத்துக்கு உலகின் பல மூலைகளிலிருந்தும் செடிகள் வந்தன. அங்கே பெரிய விழுதுகளோடு நிற்கும் ஆலமர வகையும் 1845இல் வந்து சேர்ந்த வெளியூர் மரம்தான். பொமேலியா மட்டும் தோட்டத்து மதிலைத் தாண்டி வீடு வீடாகப் பல்கனி ஏறியது. கலியாணம் செய்து போகும் மகளுக்குத் தாய் ஒரு பொமேலியாத் தடியைக் கொடுத்துவிடுவது இந்த ஊரின் பழைய வழக்கம்.

எங்கள் வீட்டுத் தேமாவும் அப்படி வந்ததுதான். அம்மா இங்கே வந்த புதிதில், தாய் வீட்டுச் சீதனமாக ஒரு பூச்செடிகூட இல்லாத காலத்தில், மேல்மாடியில் இருந்த வயதான சிசிலிக்கார அம்மா ஒரு தடியை முறித்துக் கொடுத்தார். "நுனியை மூடு" என்று கையால் காட்டினார். அப்போது அம்மாவுக்கு இத்தாலி மொழி தெரியாது.

ஏன் நுனியை மூட வேண்டும்? அடுத்த இலையும் பூங்கொத்தும் தடியின் நுனியிலிருந்துதான் வரும். குளிரிலும் மழையிலும் நுனி அழுகினால் அந்தக் கிளைக்கு அந்த வருடம் பூ இல்லை. முட்டைக்கோது சின்னக் குல்லாபோல அதைக் காக்கும். இந்த மரத்துக்கு உறைபனி ஆகாது. மெக்சிக்கோவிலோ யாழ்ப்பாணத்திலோ யாரும் இதற்குக் குல்லா போடத் தேவையில்லை. பலெர்மோக் குளிருக்காகப் பலெர்மோக்காரர் கண்டுபிடித்த வேலை இது.

நீங்களும் வளர்க்க விரும்பினால், வசந்தத்தில் ஒரு சாண் தடியை வெட்டுங்கள். வடிகிற பால் கண்ணிலும் தோலிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு கிழமை நிழலில் காயவிட்டு, மணல் கலந்த மண்ணில் நடுங்கள். கோடையில் நல்ல வெயிலும், மண் காய்ந்த பிறகு தண்ணீரும் போதும். பூத்த பிறகு, இரவில் மணத்தைக் கவனியுங்கள். தேனே இல்லாத பூ, மணத்தைக் காட்டியே அந்துப்பூச்சிகளை ஏமாற்றி வரவழைக்கிறது. கார்த்திகையில் இலை உதிரத் தொடங்கியதும் தண்ணீரைக் குறைத்து, குளிர்காலத்தில் நிறுத்திவிடுங்கள்.

கடைசி வரியை நான் காசு கொடுக்காமல் படிக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த காலத்தில், அம்மா ஊருக்குப் போன ஒரு தை மாதம், செடி மொட்டையாக நிற்கிறதே என்று இரக்கப்பட்டு நாள்தோறும் தண்ணீர் ஊற்றினேன். அடித்தண்டு கறுத்துக் குழைந்துவிட்டது. அது காயவில்லை, உறங்கியது என்பது எனக்கு விளங்கவில்லை. அம்மா திரும்பி வந்து ஒன்றும் பேசவில்லை. அழுகாத மேல்கிளை ஒன்றை வெட்டிக் காயப் போட்டார். இன்று எங்கள் பல்கனியில் நிற்பது அதுதான். மேல்மாடி அம்மா இப்போது இல்லை. அவர் வீட்டுச் செடியில் மிஞ்சியிருப்பதும் அதுதான்.

"நீ உண்மையில் எந்த ஊர்?" என்று உங்களையும் யாராவது கேட்டிருப்பார்கள். எனக்கு இந்த முப்பது வயதுக்கு மேலும் கேட்கிறார்கள், அலுவலகக் கூட்டங்களில்கூட. முன்பு கோபம் வரும். இப்போது பொமேலியாவின் கதையைச் சொல்லிவிடுகிறேன். மெக்சிக்கோ அதைப் பிறப்பித்தது. ஈழம் அதற்குப் பெயர் கொடுத்தது. பலெர்மோ அதற்கு முட்டைக்கோது போட்டது. இதில் ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க வேண்டிய தேவை அந்த மரத்துக்கு இல்லை.

அடுத்த முறை வீட்டில் முட்டை பொரிக்கும்போது கோதை எறிந்துவிடாதீர்கள். கழுவிக் காயவைத்து எடுத்து வையுங்கள். மார்கழி வந்துவிடும்.