சுழலும் கல், நிற்கும் குழவி

கோயம்புத்தூரில் 1955இல் பி. சபாபதி உருவாக்கிய வெட் கிரைண்டரில் முற்றிலும் புதிய உறுப்பு என்று எதையும் சுட்ட முடியாது. ஆட்டுக்கல் தலைமுறைகள் பல கண்டது. மின்மோட்டாரை ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் 1937இலேயே அந்நகரில் செய்துவிட்டனர். பெல்ட்டும் புல்லியும் பஞ்சாலைகளில் பழகிப்போனவை. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. அவற்றை ஒட்டி லேத் பட்டறைகளும் மோட்டாருக்குக் காயில் கட்டுவோரும் பெருகினர். கருங்கல் கொத்துவோர் முன்பே இருந்தனர். இவை ஒரே ஊரில் கூடியதே கருவியின் முதற்காரணம். 2005-06இல் அதற்குக் கிடைத்த புவிசார் குறியீடு அந்த ஊர்த்தொடர்பின் பதிவு.

ஆனால் ஆட்டுக்கல்லில் மோட்டாரைப் பூட்டியதுதான் கிரைண்டர் என்பது போதாத விளக்கம். ஆட்டுக்கல்லில் கல் நிற்கும், குழவி சுற்றும். வலக்கை குழவியைச் சாய்த்து, அழுத்தி, குழியின் சுவரோடு உரசிச் சுழற்றும்; இடக்கை மேலேறும் மாவைக் குழிக்குள் தள்ளிவிடும். வலக்கையின் அசைவு ஒரே அச்சில் அடங்காதது. மோட்டாருக்கு எளிதாக வருவதோ நிலையான அச்சில் சுழல்வது மட்டுமே. எனவே இயக்கம் தலைகீழாக்கப்பட்டது: கல் சுழன்றது; குழவி மேலே பிடித்து நிறுத்தப்பட்டு, தன் எடையால் அழுந்தி, உரசலால் இருந்த இடத்திலேயே உருண்டது. இடக்கையின் வேலை, மாவைத் தள்ளிவிடும் ஒரு பலகைக்குப் போனது. இரண்டு தொழில்நுட்பங்களை இணைத்தது இந்த மாற்றமே. அதுவே உண்மையான கண்டுபிடிப்பு.

வேகத்திலும் இணக்கம் தேவைப்பட்டது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு துருவத் தூண்டல் மோட்டார் நிமிடத்துக்கு 1,500 சுற்றை நெருங்கி ஓடும். கல் அந்த வேகத்தில் சுழன்றால் மாவு வெளியே தெறித்துவிடும். மோட்டாரில் சிறிய புல்லியும் கல்லின் அடியில் பெரிய புல்லியும் வைத்து வேகத்தைக் குறைத்தால் விசையும் கூடுகிறது. மெதுவாக அரைபடும் உளுந்து சூடேறாமல், காற்றை உள்வாங்கிப் பொங்கும். பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும் மிக்ஸியின் பிளேடு இந்தப் பதத்தைத் தருவதில்லை. இட்லி மாவுக்கு இன்றும் கிரைண்டரையே தேடுவதன் காரணம் இது.

அடுத்து வந்தது கவிழ்த்து மாவெடுக்கும் டில்டிங் வகை. மேசை மேல் வைக்கும் டேபிள் டாப் வகையில் மாற்றம் ஆழமானது. குழிக்கல் போய், அடியில் மட்டும் கல் பதித்த எவர்சில்வர் பாத்திரம் வந்தது. ஒற்றைக் குழவிக்குப் பதில் இரண்டோ மூன்றோ கூம்புக் கற்கள் அமைந்தன. சுழலும் தட்டைக் கல்லின் விளிம்பு வேகமாகவும் நடுப்பகுதி மெதுவாகவும் நகரும். கூம்பின் அகன்ற பக்கம் விளிம்பிலும் குறுகிய பக்கம் நடுவிலும் அமர்வதால் கல் சீராக உருள்கிறது. அதே அச்சில் பின்னர் தேங்காய் துருவியும் மாவு பிசையும் கருவியும் சேர்ந்தன.

மோட்டார் ஏற்காத வேலை ஒன்று உண்டு. தேய்ந்து வழுவழுப்பான கல் அரைக்காது. அம்மி கொத்துபவரின் உளி ஆட்டுக்கல்லுக்குத் தேவைப்பட்டதுபோலவே கிரைண்டர் கல்லுக்கும் தேவைப்படுகிறது.